அமிலத்தில் மங்குவதும் ஒளியில் அழிவதும்: ஒளிர்சாயங்களின் வெளிறலில் பிஎச் மதிப்பின் பங்கு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

ஒளிர்சாயம் ஒன்றின் ஒளி குறைவதற்கு இருவேறு காரணங்கள் உண்டு. கரைசலில் அமிலம் கூடும்போது சாய மூலக்கூறில் புரோட்டான் ஏறி, அது ஒளி குன்றிய வடிவத்துக்கு மாறுவது ஒன்று. காரம் சேர்த்தால் அந்தப் புரோட்டான் இறங்கிவிடும், ஒளியும் பழையபடி வரும். ஒளியைத் தொடர்ந்து வாங்கிய மூலக்கூறு வேதிவினைக்கு உள்ளாகி உடைந்துபோவது மற்றொன்று. அதற்குப் பிறகு எதைச் சேர்த்தாலும் ஒளி திரும்பாது. இக்கட்டுரையில் முன்னதை மங்கல் என்றும் பின்னதை வெளிறல் என்றும் குறிக்கிறேன்.

ஆய்வகத்தில் இவ்விரண்டும் ஒரே கருவியில், ஒரே வரைபடத்தில், இறங்கும் கோடாகவே தெரிகின்றன. அதனால்தான் “அமிலம் சாயத்தைச் சீக்கிரம் வெளிறச் செய்கிறது” என்பாரும், “அமிலம் சாயத்தைக் காக்கிறது” என்பாரும் ஒரே சாயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க முடிகிறது. இரண்டு கூற்றுமே பாதிதான் என்பது என் நிலைப்பாடு. ஒரு மூலக்கூறு எத்தனை ஒளியன்களை உட்கவர்ந்த பிறகு அழிகிறது என்று கணக்கிட்டாலொழிய, அமிலத்தின் பங்கைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது. இதை ஃப்ளோரசின் என்ற பழைய சாயத்தை மையமாக வைத்து விளக்குகிறேன். தேவைப்படும் இடங்களில் ஒளிர்புரதங்களும் மஞ்சளின் குர்குமினும் துணைக்கு வரும்.

2. ஃப்ளோரசினின் நான்கு முகங்கள்

ரிசார்சினாலையும் தாலிக் நீரிலியையும் சேர்த்துச் சூடாக்கி, 1871ல் அடால்ஃப் வான் பேயர் இச்சாயத்தை உருவாக்கினார். நீரில் இது ஒரே பொருளாக இருப்பதில்லை. மிகுந்த அமிலத்தில் நேரயனி, அமிலம் சற்றுக் குறைந்தால் நடுநிலை மூலக்கூறு, இன்னும் குறைந்தால் ஒற்றை எதிரயனி, நடுநிலை நீரிலும் காரத்திலும் இரட்டை எதிரயனி என நான்கு வடிவங்கள். ஒரு வடிவம் மற்றொன்றாக மாறும் எல்லைகளைக் குறிக்கும் பிகேஏ மதிப்புகள் ஏறத்தாழ 2.1, 4.3, 6.4.

வடிவந்தோறும் நிறமாலை வேறு. இரட்டை எதிரயனி 490 நானோமீட்டரில் ஒளியை மிக வலுவாக உட்கவர்கிறது. அங்கே அதன் மோலார் உட்கவர் கெழு 76,900. உட்கவர்ந்ததில் பத்தில் ஒன்பதுக்குச் சற்று மேல் பச்சை ஒளியாகத் திரும்புகிறது. ஒற்றை எதிரயனிக்கு 453, 472 நானோமீட்டர்களில் இரண்டு தாழ்ந்த உச்சிகள், கெழு 29,000 அளவு. குவாண்டம் விளைச்சல் 0.37. நடுநிலை மூலக்கூறின் உச்சி 434ல், நேரயனியின் உச்சி 437ல். நடுநிலை வடிவத்துக்கு உள்ளேயே நிறமற்ற லாக்டோன் வளையம் ஒன்றும் கலந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது வாங்குவதே இல்லை.

கடைசி பிகேஏ 6.4 என்பதில்தான் தொல்லையெல்லாம் இருக்கிறது. செல்லின் சைட்டோசாலில் பிஎச் 7.2 அளவு, லைசோசோமுக்குள் 4.5 முதல் 5 வரை. உயிரியல் ஆய்வாளர் பழகும் எல்லைக்கு நடுவிலேயே சாயத்தின் மாறுமுனை விழுகிறது. பிஎச் 7.4ல் சாயத்தின் 91 விழுக்காடு இரட்டை எதிரயனி. 6.4ல் பாதி. 5.4க்கு இறங்கினால் எட்டு ஒன்பது விழுக்காடுதான் மிஞ்சும்.

எல்லாச் சாயமும் இந்தத் திசையில் நடப்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 1852ல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் ஒளிர்வை விரிவாக ஆராய்ந்தபோது முதன்மையான பொருளாக எடுத்துக்கொண்ட குயினைன், நீர்த்த கந்தக அமிலத்தில்தான் நன்றாக ஒளிர்கிறது. ஒளிர்வை அளவிடும் கருவிகளைச் சரிபார்க்க இன்றும் அந்த அமிலக் கரைசலே பயன்படுகிறது. ரோடமின் 6ஜி சாயத்தில் கார்பாக்சில் தொகுதி எஸ்டராக அடைபட்டிருப்பதால் சாதாரண பிஎச் மாற்றம் அதைத் தொடுவதில்லை.

3. வெளிறல் நிகழும் வழி

நீல ஒளியை வாங்கிய ஃப்ளோரசின் சுமார் 4 நானோவினாடி கிளர்வு நிலையில் இருக்கிறது. பெரும்பாலும் பச்சை ஒளியை உமிழ்ந்து தாழ்நிலைக்கு வந்துவிடும். நூற்றில் மூன்று முறை மட்டும் வழி மாறி, மும்மை நிலை என்ற நெடிய கிளர்வுக்குள் போய்விடுகிறது. காற்றோடு சமநிலையில் உள்ள நீரில் அந்நிலை சில மைக்ரோவினாடி நீடிக்கும். ஆக்சிஜனை நீக்கிவிட்டால் அதைவிடப் பன்மடங்கு. வேதிவினைக்கு வேண்டிய அவகாசம் அங்கேதான் கிடைக்கிறது.

மும்மை நிலையில் உள்ள சாயத்தை ஆக்சிஜன் சந்தித்தால் பெரும்பாலும் ஆற்றல் கைமாறி ஒற்றைநிலை ஆக்சிஜன் பிறக்கிறது. சில வேளைகளில் எலக்ட்ரானே கைமாறி சூப்பர்ஆக்சைடு உண்டாகும். ஒற்றைநிலை ஆக்சிஜன் நீரில் 3 முதல் 4 மைக்ரோவினாடியே வாழும். அதற்குள் சில நூறு நானோமீட்டர் தொலைவுக்குள் எதையாவது தாக்க வேண்டும். சாயத்தையே தாக்கினால் அதுவே வெளிறல். சாயம் செறிந்திருக்கும் இடத்தில் இன்னொரு வழியும் திறக்கிறது: மும்மை நிலை மூலக்கூறு இன்னொரு சாய மூலக்கூறுடன் நேரடியாக எலக்ட்ரானைப் பரிமாறிக்கொண்டு அழிகிறது. 1995ல் சாங், ஹெனிங்க், யங், டாங்கே ஆகியோர் ஃப்ளோரசினை வைத்து இவ்விரு வழிகளையும் பிரித்துக் காட்டினர். வெளிறல் கோடு ஒரே அடுக்குக்குறிச் சமன்பாட்டில் அடங்காததன் காரணம் அப்போது தெளிவாயிற்று.

அளவு முக்கியம். ஃப்ளோரசினின் வெளிறல் குவாண்டம் விளைச்சல் லட்சத்தில் மூன்று அளவில் இருக்கிறது. சராசரியாக முப்பதாயிரம் ஒளியன்களை வாங்கிய பின் ஒரு மூலக்கூறு அழிகிறது என்று கொள்ளலாம். புரோமின் ஏறிய இயோசினிலும், அயோடின் ஏறிய ரோஸ் பெங்காலிலும் கனமான அணுக்கள் மும்மை நிலைக்கு வாசலை அகலமாகத் திறந்துவிடுகின்றன. ஒற்றைநிலை ஆக்சிஜன் விளைச்சல் ஃப்ளோரசினில் 0.03 என்றால் இயோசினில் 0.57, ரோஸ் பெங்காலில் 0.75.

4. அமிலம் தலையிடும் இடங்கள்

4.1 வாங்கும் ஒளியின் அளவு

488 நானோமீட்டர் லேசரின் கீழ் ஃப்ளோரசின் கரைசலை வைத்து, பிஎச்சை 7.4லிருந்து 5.4க்கு இறக்கினால் முதலில் ஒளிர்வு விழும். கூடவே வெளிறல் கோட்டின் சரிவும் மென்மையாகும். அமிலம் சாயத்தைக் காத்துவிட்டது என்று எழுதத் தோன்றும். நடந்தது அதுவன்று. ஒற்றை எதிரயனி 488 நானோமீட்டரில் மிகக் குறைவாகவே ஒளியை உட்கவர்கிறது. வாங்கும் ஒளியன் குறைந்ததால் அழியும் மூலக்கூறும் குறைந்தது.

அதே இரண்டு கரைசல்களையும் பாதரச விளக்கின் 436 நானோமீட்டர் கோட்டின் கீழ் வைத்துப் பார்த்தால் கணக்கே மாறிவிடும். பிஎச் 5.4ல் பெரும்பங்காக உள்ள ஒற்றை எதிரயனியின் 453 நானோமீட்டர் உச்சி அந்த ஒளிக்கு அருகில் நிற்கிறது. இரட்டை எதிரயனியோ அங்கே பலவீனம். லேசரில் “காப்பதாக”த் தெரிந்த அமிலம் பாதரச விளக்கில் “அழிப்பதாக”த் தெரியக்கூடும், சாயத்தின் வேதியியலில் எந்த மாற்றமும் இல்லாமலே. ஒளிமூலத்தின் அலைநீளத்தைக் குறிப்பிடாமல் பிஎச்சுக்கும் வெளிறலுக்கும் தொடர்பு காட்டும் எந்த வரைபடத்தையும் நான் ஏற்பதில்லை. வெயிலில் செய்யும் சோதனைகளுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். வெயிலில் எல்லா அலைநீளமும் உண்டு.

4.2 கிளர்வு நிலையின் ஆயுள்

தாமஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் 1976ல் எளிய உண்மை ஒன்றை எடுத்துக்காட்டினார். ஒளிர்வைத் தணிக்கும் ஒரு பொருள் கிளர்வு நிலையின் ஆயுளைக் குறைத்தால், ஒளி உமிழும் வாய்ப்பும் அழியும் வாய்ப்பும் ஒரே விகிதத்தில் குறையும். ஆகவே ஒரு மூலக்கூறு தன் வாழ்நாள் முழுதும் உமிழும் ஒளியன்களின் எண்ணிக்கை மாறாது; அதை உமிழ எடுத்துக்கொள்ளும் காலம்தான் நீளும். மங்கிய சாயம் நெடுநாள் வாழ்வது போல் தோன்றுவதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் இந்த வாதத்தை அமிலத்துக்கு அப்படியே பொருத்தக்கூடாது. புரோட்டான் ஏறியபின் இருப்பது தணிக்கப்பட்ட பழைய மூலக்கூறு அன்று, வேறு மூலக்கூறு. உமிழும் வேகமும் அழியும் வேகமும் அதற்குத் தனித்தனியே புதியவை.

கிளர்வு நிலைக்கென்று தனி அமிலத்தன்மை இருப்பதும் சேர்ந்துகொள்கிறது. தியோடர் ஃபோர்ஸ்டர் விளக்கிய நிகழ்வு இது. 2-நாஃப்தாலின் பிகேஏ தாழ்நிலையில் 9.5, ஒளியை வாங்கிய கணத்தில் அது 2.8 அளவுக்கு இறங்கிவிடுகிறது. மஞ்சள் ஹைலைட்டர் மையில் வரும் பைரனின் சாயமும் அப்படித்தான். தாழ்நிலையில் அதன் பிகேஏ 7.3, கிளர்வில் 1ஐ ஒட்டிய மதிப்பு. எனவே பிஎச் 5ல் புரோட்டானோடு ஒளியை வாங்கும் பைரனின், ஒளிரும்போது புரோட்டானை இழந்திருக்கும். பிஎச் மீட்டர் காட்டும் எண் தாழ்நிலைச் சாயத்தின் வடிவத்தைத்தான் சொல்லும். அழியப்போகிற கிளர்வுநிலைச் சாயத்தின் வடிவத்தை அது சொல்வதில்லை.

4.3 தாக்கப்படும் தன்மை

புரோட்டானை இழந்த ஃபீனாலேட் அமைப்பு எலக்ட்ரான் செறிந்தது. ஒற்றைநிலை ஆக்சிஜன் எலக்ட்ரான் செறிந்த இடங்களையே நாடும். புரோட்டானோடு உள்ள ஃபீனாலைவிட ஃபீனாலேட்டை அது பன்மடங்கு விரைவாகத் தாக்குகிறது. இதை மட்டும் கருதினால், இரட்டை எதிரயனியாக உள்ள ஃப்ளோரசின் நன்றாக ஒளிரும் அதே வேளையில் எளிதில் ஆக்சிஜனேற்றத்துக்கு உள்ளாகும் வடிவமும் ஆகும். பளிச்சென்ற வடிவமே பலவீனமான வடிவமாகவும் இருக்கிறது.

சூப்பர்ஆக்சைடின் கதை வேறு. அதன் இணை அமிலமான ஹைட்ரோபெராக்சிலின் பிகேஏ 4.8. இந்த எல்லையை ஒட்டி சூப்பர்ஆக்சைடும் ஹைட்ரோபெராக்சிலும் ஒன்றையொன்று சந்தித்து மிக விரைவாக ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். காரத்தில் சூப்பர்ஆக்சைடு நெடுநேரம் தங்கும். சுற்றியுள்ள புரதமும் தன் பங்குக்கு மாறுகிறது. ஹிஸ்டிடின் புரோட்டான் இல்லாதபோதுதான் ஒற்றைநிலை ஆக்சிஜனை விழுங்கும். பிஎச் 6க்குக் கீழே இறங்கினால் அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளும்.

4.4 காவல் பொருள்களின் நிலை

நுண்ணோக்கியில் வெளிறலைத் தடுக்கச் சேர்க்கும் பொருள்களும் அமிலத்துக்கு ஆட்பட்டவையே. 1981ல் ஜான்சனும் நொகேரா அராவ்ஜோவும் கிளிசராலில் பாரா-ஃபினைலீன்டைஅமீன் சேர்க்கும் முறையை வெளியிட்டனர். மறு ஆண்டு கிலோவும் செடாட்டும் புரோப்பைல் காலேட்டைப் பரிந்துரைத்தனர். டாப்கோ என்ற டைஅமீனும் அந்தக் காலத்திலேயே புழக்கத்துக்கு வந்தது. இப்படிப்பட்ட மவுண்டிங் திரவங்களில் பிஎச் 8க்கு மேல் வைக்கும் வழக்கம் பரவலாக உண்டு. ஃப்ளோரசின் அங்கே பளிச்சென்று இருக்கும் என்பது எல்லாரும் சொல்லும் காரணம். சொல்லப்படாத காரணமும் அதே அளவு முக்கியமானது: அமீன் தன் தனி எலக்ட்ரான் இணையைக் கொண்டுதான் ஒற்றைநிலை ஆக்சிஜனைத் தணிக்கிறது அல்லது மும்மை நிலைக்கு எலக்ட்ரான் தருகிறது. புரோட்டான் ஏறிவிட்டால் அந்த இணை கட்டுண்டுபோகும். டாப்கோவின் பிகேஏ 8.8. நடுநிலை நீரிலேயே அதில் பெரும்பகுதி புரோட்டானோடு இருக்கிறது. பிஎச் 6ல் காவல் அநேகமாக இல்லை. பாட்டிலில் டாப்கோ எத்தனை கிராம் போட்டோம் என்பதற்கு அங்கே பொருளில்லை.

அமிலத்தில் சாயம் சீக்கிரம் அழிந்ததாகக் கண்டால், சாயம் பலவீனமானதா, காவல் ஓய்ந்ததா என்று பிரித்துக் கேட்க வேண்டும். காவல் பொருள் இல்லாத கரைசலை உடன் வைத்துச் சோதித்தால் விடை கிடைக்கும்.

5. ஆக்சிஜனை நீக்குவதால் பிறக்கும் அமிலம்

தனி மூலக்கூறு ஆய்வுகளில் வெளிறலைக் குறைக்க குளுக்கோஸ் ஆக்சிடேஸ், கேட்டலேஸ் என்ற இரு நொதிகளைச் சேர்ப்பது வழக்கம். முதல் நொதி குளுக்கோஸை ஆக்சிஜனோடு வினைப்படுத்தி குளுக்கோனோலாக்டோனும் ஹைட்ரஜன் பெராக்சைடும் தருகிறது. இரண்டாவது நொதி அந்தப் பெராக்சைடை உடைத்து, பாதி ஆக்சிஜனைத் திரும்பக் கொடுக்கிறது. லாக்டோன் நீராற்பகுப்பில் குளுக்கோனிக் அமிலமாகிறது.

மூடிய அறையில் கரைந்திருந்த ஆக்சிஜன் தீர்ந்ததும் அமிலமும் நின்றுவிடும். திறந்த கிண்ணத்தில் அப்படியில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜன் வந்துகொண்டே இருக்க, அமிலமும் சேர்ந்துகொண்டே போகும். தாங்கல் கரைசலின் தாங்குதிறன் தீர்ந்தவுடன் பிஎச் சரியத் தொடங்கும். அந்தக் கிண்ணத்தில் ஃப்ளோரசின் இருந்தால் அது மங்கும். ஆய்வாளர் பார்ப்பது நேரத்தோடு இறங்கும் ஒளி. வெளிறலைத் தடுக்கச் சேர்த்த பொருளே வெளிறலைப் போன்ற ஒரு கோட்டை வரைந்துவிடுகிறது. இந்தப் பொறி நெடுங்காலம் போதிய கவனம் பெறவில்லை. 2012ல் ஸ்வோபோடாவும் உடன் ஆய்வாளர்களும் குளுக்கோஸ் ஆக்சிடேஸுக்குப் பதிலாகப் பைரனோஸ் ஆக்சிடேஸைப் பயன்படுத்திக் காட்டினர். அதன் விளைபொருள் கீட்டோகுளுக்கோஸ், அமிலம் இல்லை. ஆக்சிஜனும் நீங்கும், பிஎச்சும் நிற்கும்.

6. செல்லுக்குள்

அக்ரிடின் ஆரஞ்சு லைசோசோமுக்குள் சேர்வதற்குக் காரணமே அங்குள்ள அமிலம். புரோட்டான் ஏறிய சாயம் சவ்வைத் தாண்டி வெளியேற முடியாமல் உள்ளே குவிகிறது. செறிவு மிகுந்து சிவப்பாக ஒளிர்கிறது. நீல ஒளியில் வைத்தால் சிவப்பு குறையும். வெளிறல் என்று குறித்துக்கொள்ளும் முன் சைட்டோசாலைப் பார்க்க வேண்டும். அங்கே பச்சை கூடிக்கொண்டிருக்கும். சாயம் உண்டாக்கிய ஒற்றைநிலை ஆக்சிஜன் லைசோசோமின் சவ்வை ஓட்டையாக்க, சாயம் வெளியே கசிந்து, நீர்த்து, பச்சையாக ஒளிர்கிறது. அழிந்தது சாயம் மட்டுமன்று, அது குடியிருந்த உறுப்பும்தான்.

ஒளிர்புரதங்களில் நிறந்தாங்கி பீப்பாய் போன்ற புரத உறைக்குள் இருப்பதால் வெளியமிலம் நேரே தொடாது என்று நினைப்பது பிழை. மேம்படுத்திய பச்சை ஒளிர்புரதத்தின் பிகேஏ 6 அளவு. மஞ்சள் வகைக்கு 6.9. சைட்டோசாலில் சிறிய அமில ஏற்றமே மஞ்சள் புரதத்தை மங்கச் செய்யும். 1997ல் டிக்சன், கியூபிட், சியன், மோர்னர் ஆகியோர் இதன் தனி மூலக்கூறுகளைக் கவனித்தபோது, அவை மினுக்கி மினுக்கி அணைவதையும், நெடுநேரம் இருண்டு கிடந்த பின் 405 நானோமீட்டர் ஊதா ஒளி பட்டதும் மீண்டும் ஒளிர்வதையும் கண்டனர். வெளிறிவிட்டதாக எழுதப்பட்டிருக்கக்கூடிய மூலக்கூறுகள் அவை. சிட்ரின் என்ற பின்னைய வகையில் பிகேஏ 5.7க்கு இறங்கியது, ஒளியில் தாக்குப்பிடிக்கும் திறனும் கூடியது. எம்டர்க்வாய்ஸ்2ல் பிகேஏ 3.1, லைசோசோமுக்குள்ளும் அது ஒளிரும்.

7. குர்குமின்: இருட்டிலும் அழியும் சாயம்

மஞ்சள் கறை பட்ட வேட்டியில் சோப்பு பட்டால் சிவக்கும், அலசினால் மஞ்சளாகும், வெயிலில் உலர்த்தினால் நாளடைவில் போய்விடும் என்பது வீட்டில் எல்லாரும் கண்டது. சோப்பின் காரம் தந்த நிறமாற்றம் திரும்பக்கூடியது. வெயில் செய்தது திரும்பாதது. குர்குமின் நீல ஒளியில் ஒளிரக்கூடிய சாயமும்கூட. ஆனால் ஃப்ளோரசினை ஆராயும்போது எழாத ஒரு சிக்கலை இது கிளப்புகிறது. நடுநிலையிலும் காரத்திலும் உள்ள நீரில் குர்குமின் இருட்டிலேயே சிதைகிறது. பிஎச் 7.2 தாங்கல் கரைசலில், உடல் வெப்பநிலையில், அரை மணி நேரத்துக்குள் பெரும்பகுதி போய்விடும். அமிலத்தில் அது நிலையாக இருக்கும்.

இப்படிப்பட்ட சாயத்தை வெவ்வேறு பிஎச்சில் வைத்து வெயில் காட்டி, “காரத்தில் வேகமாக வெளிறுகிறது” என்று முடிவு கட்டினால் ஒளியின் கணக்கில் இருட்டின் குற்றத்தையும் ஏற்றியதாகும். ஒவ்வொரு பிஎச்சுக்கும் ஒரு இருட்டுக் கட்டுப்பாடு இல்லாத சோதனையை வெளிறல் சோதனை என்று அழைக்கவே கூடாது.

8. ஆற்றில்

1877 அக்டோபரில் அடால்ஃப் நாப் தென் ஜெர்மனியில் இம்மென்டிங்கன் அருகே டானூப் நதி மண்ணுக்குள் மறையும் இடத்தில் 10 கிலோ ஃப்ளோரசின் சோடியம் உப்பைக் கரைத்தார். ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தள்ளி ஆக் ஊற்றில் சுமார் 60 மணி நேரத்தில் பச்சை நீர் வந்தது. டானூபின் நீர் ரைன் வடிநிலத்துக்குப் போவது நிறுவப்பட்டது. வேதியியல் நோக்கில் நாப்புக்கு இரண்டு வாய்ப்புகள் அமைந்திருந்தன. சுண்ணாம்புப் பாறையினூடே போன நீர் சற்றே காரமானது. சாயம் இரட்டை எதிரயனியாகவே இருந்தது. பாதை நிலத்தடி என்பதால் வெயிலும் இல்லை.

திறந்த ஆற்றில் இச்சாயம் வெயிலுக்குத் தாங்காது. அங்கே ரோடமின் டபிள்யூடி போன்றவற்றை நாடுகிறார்கள். சதுப்பு நிலத்தின் அமில நீரிலும் சுரங்கக் கழிவு நீரிலும் ஃப்ளோரசின் மங்கிக் கிடக்கும். அனுபவமுள்ள நீரியலாளர் மாதிரியைப் பழுப்பு நிறப் பாட்டிலில் எடுத்து, அளக்கும் முன் காரத் தாங்கல் சேர்த்து பிஎச்சை 8க்கு மேல் ஏற்றுகிறார். மங்கலைத் திருப்பி எடுத்துவிட்டு, எஞ்சிய குறையை மட்டும் இழப்பாகக் கொள்கிறார். நுண்ணோக்கி ஆய்வாளர்கள் இந்தப் பழக்கத்தை அவரிடமிருந்து கற்கலாம்.

9. அளக்கும் முறை

இதுவரை சொன்னவற்றிலிருந்து சோதனை எப்படி அமைய வேண்டும் என்பது பெரும்பாலும் தானாகவே வரும். ஒளி காட்டும் முன்பும் பின்பும் கரைசலின் முழு உட்கவர் நிறமாலையை எடுக்க வேண்டும். ஒளிர்வு எண் மட்டும் போதாது. உட்கவர்ந்த ஒளியன்களைக் கணக்கிட்டு, அழிந்த மூலக்கூறுகளை அதனால் வகுக்க வேண்டும். ஒளி காட்டி முடித்த ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு பங்கை பிஎச் 9க்குக் கொண்டுபோய் மீண்டும் அளக்க வேண்டும். திரும்பி வந்த ஒளி மங்கலின் பங்கு, வராதது வெளிறலின் பங்கு.

தாங்கல் கரைசலைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். பாஸ்பேட்டின் செறிவு மிக உயர்ந்தால், கிளர்வு நிலையிலுள்ள ஃப்ளோரசினோடு அது புரோட்டானைப் பரிமாறிக்கொள்ளும். ஆகவே செறிவை ஒரே அளவில் வைத்து பிஎச்சை மட்டும் மாற்ற வேண்டும்.

செல்லுக்குள் காரம் ஊற்ற முடியாது. அங்கே நைஜரிசின் என்ற அயனிக்கடத்தியைப் பொட்டாசியம் மிகுந்த கரைசலில் சேர்த்து, செல்லின் உட்புற பிஎச்சை வெளிப்புறத்துக்குச் சமமாக்கலாம். ஒளி காட்டி முடித்த அதே செல்லில் இதைச் செய்தால் மங்கலையும் வெளிறலையும் பிரிக்க முடியும். ஃப்ளோரின் அணுக்கள் இரண்டை ஏற்றிய ஆரிகன் கிரீன் சாயத்தில் பிகேஏ 4.7 அளவுக்கு இறங்கிவிட்டதால், சைட்டோசாலில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. ஃப்ளோரசினைவிட ஒளிக்கும் அது நன்றாகத் தாங்குகிறது. லைசோசோமில் மட்டும் அதன் ஒரு பெரும்பங்கு புரோட்டானோடு இருக்கும். அங்கே இச்சாயத்தைக் கொண்டு வெளிறலை அளப்பவர் நைஜரிசின் படியைத் தவிர்க்க முடியாது.